பழைய பட்ஜெட் டெஸ்க்டாப்ல புது கேம் ஆடணும்: கார்டு மட்டும் மாத்தலாமா, போர்டோட மாத்தணுமா?

ஐ5 4460 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடயே வந்த ஒரு எஸ்எம்பிஎஸ், அதான் எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி. 2014, 15 வாக்குல பட்ஜெட் கேமிங் பிசின்னு அசெம்பிள் பண்ணதுல நெறைய இந்த ரகம்தான், சில பேரு ஐ5க்கு பதிலா ஐ3 போட்டிருப்பாங்க, சில பேரு பின்னாடி கார்டை மட்டும் 1050 டிஐக்கு மாத்திருப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னிக்கும் ஓடுது, பிரவுசர் தொறக்குது, படம் பாக்கலாம், பழைய கேம் எல்லாம் போகுது. ஆனா புதுசா ஒரு கேமை ராத்திரி பூரா டவுன்லோட் போட்டு காலைல ஓபன் பண்ணா 20 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கற கணக்கு) காட்டுது, இல்லன்னா கேமே ஓபன் ஆகாம ஒரு எரர் போட்டுட்டு மூடிக்குது. உடனே எல்லாருக்கும் தோணுறது ஒண்ணுதான், "நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கி சொருகிட்டா சரியாயிடும்ல?" சில பேருக்கு சரியாயிடும், நெறைய பேருக்கு பாதிதான் சரியாகும், அந்த பாதி எதுன்னு தெரியாமலே காசு போயிடும்.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். பழைய போர்டோட சேந்து சாகப் போற பார்ட்டுல காசு கொட்டாதீங்க, அடுத்த மெஷினுக்கு கூடவே வரப் போற பார்ட்டுல போடுங்க. கிராபிக்ஸ் கார்டு வரும், எஸ்எம்பிஎஸ் வரும், எஸ்எஸ்டி வரும், மானிட்டர் வரும். டிடிஆர்3 ராம் வராது, 1150 சாக்கெட் (எச்81 போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) ப்ராசஸர் வராது, அந்த போர்டுக்குன்னு வாங்கின கூலர் கூட வருமாங்கறது சந்தேகம்தான். கீழ ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வச்சுதான் எடை போட்டிருக்கேன், ஒரு இடத்துல மட்டும் இதை மீறலாம், அங்க வரும்போது சொல்றேன்.

வாங்குறதுக்கு முன்னாடி எது முட்டுதுன்னு பாருங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் ஃப்ரீதான், எந்த கம்பெனி கார்டுலயும் ஓடும், கூடவே ரிவா ட்யூனரும் இன்ஸ்டால் ஆகும், அதுல ஸ்க்ரீன் மூலைல கிராபிக்ஸ் கார்டு யூசேஜ், ப்ராசஸர்ல ஒவ்வொரு கோரோட யூசேஜ், விராம் (கார்டுலயே இருக்குற மெமரி), ராம், டெம்பரேச்சர் எல்லாம் காட்ட சொல்லிட்டு நீங்க வழக்கமா ஆடுற கேமையே அரை மணி நேரம் ஆடுங்க. கார்டு 97, 99னு நின்னுச்சுன்னா கார்டுதான் மூச்சு வாங்குது. கார்டு 60ல ஊசலாடிட்டு நாலு கோரும் 100ல ஒட்டிட்டு இருந்தா ப்ராசஸர். இதுல ஒரு ஏமாத்து வேலை என்னன்னா மொத்த சிபியு யூசேஜை மட்டும் பாத்து முடிவு பண்றது, எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை) இருக்குற ப்ராசஸர்ல ஒரே ஒரு த்ரெட் முழுசா முட்டிக்கிட்டு நின்னா மொத்தக் கணக்குல வெறும் 12, 13 பெர்சென்ட்தான் காட்டும், "ப்ராசஸர் சும்மாதானே இருக்கு"ன்னு நெனச்சுக்குவோம். அதனால கோர் வாரியா பாருங்க. இன்னொரு டெஸ்ட், 1080பில ஆடுற கேமை 720பிக்கு எறக்கிப் பாருங்க, எஃப்பிஎஸ் நல்லா ஏறுனா கார்டுதான் பிரச்சனை, அசையவே இல்லன்னா ப்ராசஸர். இதுக்கு மேல பெரிய சயின்ஸ் எதுவும் தேவையில்ல.

அப்புறம் ஃப்ரீயா கெடைக்கிற அப்கிரேடு. பத்து வருஷமா தொறக்காத கேபினெட்ல தூசி அடைச்சு, தெர்மல் பேஸ்ட் காஞ்சு பவுடராகி, ப்ராசஸர் 95 டிகிரிக்கு மேல போயி தானே ஸ்பீடைக் கொறச்சுக்கிட்டு ஓடிட்டு இருக்கும். தூசி தட்டி, பேஸ்ட் மாத்தி, அதுக்கப்புறம் மறுபடி அளந்து பாருங்க. இதை சொல்லலாமான்னே தெரியல, ஆனா நெறைய பேரு பண்றது: கார்டு இருக்கும், ஆனா மானிட்டர் கேபிள் மதர்போர்டு போர்ட்ல சொருகி இருக்கும், கேம் ஓடுறது ஆன்போர்டு கிராபிக்ஸ்ல. ஒரு தடவை பின்னாடி எட்டிப் பாத்துடுங்க.

எஸ்எஸ்டி பத்தி விவாதமே கிடையாது, இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் விண்டோஸ் ஓடுதுன்னா முதல்ல அதை மாத்துங்க. எஃப்பிஎஸ் நம்பர் ஏறாது, அது உண்மை, ஆனா மேப் லோடு ஆகுற நேரமும், ஓடிட்டே இருக்கும்போது புது ஏரியாக்குள்ள நுழைஞ்சதும் வர்ற அந்த விக்கலும் நல்லா கொறையும். சைபர்பங்க் 2077 2023லயே ஹார்ட் டிஸ்க்கை கை கழுவிருச்சு, ஸ்டார்ஃபீல்டு மினிமம் ஸ்பெக்லயே எஸ்எஸ்டி வேணும்னு போட்டுருச்சு. 1150 சாக்கெட் போர்டுக்கு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டியே போதும், அந்த காலத்து போர்டு பெரும்பாலும் என்விஎம்இங்கற இன்னும் வேகமான ரக எஸ்எஸ்டில இருந்து பூட் ஆகாது. எச்81 போர்டுல ஒரு விஷயம் கவனிங்க, நாலு சாட்டா போர்ட்ல ரெண்டுதான் 6 ஜிபிபிஎஸ், மீதி ரெண்டு 3தான், போர்டுலயே பக்கத்துல பிரிண்ட் பண்ணிருக்கும், சரியானதுல சொருகுங்க.

இப்ப எல்லாரும் தாண்டிப் போற ஒரு ஸ்டிக்கர். கேபினெட் சைடு பேனலை கழட்டி எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டிருக்கறதை பாருங்க. பெருசா 450ன்னு போட்டிருக்கும். அதுக்கு கீழ குட்டியா ஒரு டேபிள் இருக்கும், அதுல +12 வோல்ட் கட்டத்துக்கு கீழ எத்தனை ஆம்ப்னு பாருங்க. 18 ஆம்ப்னு இருந்தா 12ஆல பெருக்குங்க, 216 வாட்ஸ். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுசா குடிக்கிறது இந்த 12 வோல்ட்ல இருந்துதான், அப்ப உங்க 450 வாட்ஸ் கேமிங்குக்கு 216தான். ரெண்டு மூணு 12 வோல்ட் கட்டம் இருந்தா அதை அப்படியே கூட்டிடக்கூடாது, மொத்தமா இவ்வளவுன்னு கீழ தனியா ஒரு நம்பர் இருக்கும், அதை எடுங்க, அந்த நம்பரே போடலன்னா அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீங்க. நல்ல கம்பெனி 450ல இந்த 12 வோல்ட் கணக்கு 400க்கு மேல இருக்கும்.

ஸ்லாட்டு மட்டும் குடுக்கறது 75 வாட்ஸ், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. எஸ்எம்பிஎஸ்ல 8 பின் ஒயர் இல்லன்னு சாட்டால இருந்து 8 பின்னுக்கு மாத்துற ஒரு கன்வெர்ட்டர் விப்பாங்க, தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க, ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல தாங்குறது 54 வாட்ஸ்தான், அதுல 150 இழுத்தா பிளாஸ்டிக் உருகும். எஸ்எம்பிஎஸ் செலவை தனியா ஒரு செலவா நெனைக்காதீங்க, அது கார்டு விலையோட ஒரு பகுதி.

சரி, இப்ப வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, தனி பவர் ஒயர் வேண்டாத கார்டு. எஸ்எம்பிஎஸ்ஸை தொட வேணாம், சொருகினா வேலை முடிஞ்சது. இதுல பேரு அடிபடுறது மூணு, 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2022ல வந்த ஆர்எக்ஸ் 6400, 2024ல வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இதுல 6400 பேப்பர்ல பாக்க நல்லா இருக்கும், 53 வாட்ஸ்தான், குட்டியா இருக்கும், ஆனா அதுக்கு லேன், அதாவது போர்டோட டேட்டா பேசுற பாதை, வெறும் நாலுதான். பிசிஐஇ (கார்டு சொருகுற ஸ்லாட்டு) 4.0 வெர்ஷன்ல நாலு லேன்னா செகண்டுக்கு 8 ஜிபி கிட்ட போகும், 3.0ல அது 4 ஆயிடும், எச்81 போர்டு ஸ்லாட்டு 2.0, அதனால 2 ஜிபிதான். கார்டுல இருக்குறதோ 4 ஜிபி விராம், இன்னிக்கு கேம்ல அது நிமிஷத்துல நெறஞ்சு வழிஞ்சுடும், வழிஞ்சது இந்த ஒத்தையடிப் பாதை வழியாத்தான் மெயின் ராமுக்கு போயிட்டு வரணும், அப்பதான் ஸ்க்ரீன் படக்குனு நின்னு நின்னு போகும். 1650க்கும் 4 ஜிபிதான், ஆனா அதுக்கு 16 லேன், அதே 2.0 ஸ்லாட்டுல 8 ஜிபி போகும். அதனால பழைய போர்டுக்கு புதுசா வந்த 6400ஐ விட பழைய 1650தான் மேல். மூணுல எதுன்னு என்னைக் கேட்டா 3050 6 ஜிபி, எட்டு லேன், 70 வாட்ஸ், ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி கணக்கு போடுறது) ஹார்டுவேரும் இருக்கு, டிஎல்எஸ்எஸ்ஸும் (சின்ன ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கி காட்டுற என்விடியா வசதி) இருக்கு. ஆனா பேரைப் பாத்து 8 ஜிபி 3050ன்னு நெனச்சு ஏமாறாதீங்க, ரெண்டும் வேற வேற கார்டு, 8 ஜிபிதான் வேகம், அதுக்கு பவர் ஒயர் வேணும். 1650 வாங்குறதா இருந்தாலும் சில மாடல்ல 6 பின் இருக்கு, பாத்து வாங்கணும்.

ரே ட்ரேசிங் எதுக்கு சொல்றேன்னா அது இப்ப அழகுக்கு ஆன் பண்ற செட்டிங் மட்டும் இல்ல. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025ல வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டை மினிமம்லயே ஒதுக்கிடுச்சு. எல்லா கேமும் இப்படி இல்ல, ஆனா போற திசை அதுதான்.

ரெண்டாவது வழி, கார்டை விட்டுட்டு அதே சாக்கெட்ல பெரிய ப்ராசஸர். ஐ7 4770, 4790, இல்லன்னா ஜியான் ஈ3 1231 வி3. இங்கதான் என் கணக்கை மீறலாம்னு சொன்னேன். 4460ல நாலு கோர் நாலு த்ரெட், மேக்ஸிமம் 3.4 கிகாஹெர்ட்ஸ். 4770ல அதே நாலு கோர், ஆனா எட்டு த்ரெட், 3.9 வரைக்கும் போகும். இன்னிக்கு கேம் எல்லாம் நாலு த்ரெட்டையும் கசக்கிப் பிழிஞ்சுட்டு பின்னாடி ஓடுற டிஸ்கார்டுக்கும் பிரவுசருக்கும் மூச்சு விட இடம் வைக்காது, அதனாலதான் சராசரி எஃப்பிஎஸ் 55ன்னு காட்டினாலும் கையில ஆடும்போது விக்கி விக்கி போகுது. ஐ7 போட்டா சராசரி கொஞ்சம்தான் ஏறும், விக்கல் நல்லா கொறையும், அதுதான் அதோட லாபம். செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடச்சா, உங்க போர்டு அந்த மாடலை எடுக்கும்னு போர்டு கம்பெனி லிஸ்ட்ல இருந்தா, பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்குற ஸ்டார்ட்டப் சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு போடுங்க. ஜியான்ல ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம டிஸ்ப்ளே வராது. ஆனா "அன்லாக்டு" மாடல்னு 4790கே பின்னாடி ஓடாதீங்க, எச்81 போர்டோட பவர் செக்ஷனும் நோஞ்சான், விலையும் தேவையில்லாம அதிகம். ராமும் அப்படித்தான், 8 ஜிபி இன்னிக்கு பத்தவே பத்தாது, ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்னா பக்கத்து ஸ்லாட்டுல இன்னொரு 8 செகண்ட் ஹேண்ட்ல வாங்கிப் போட்டா 16ம் ஆச்சு டூயல் சேனலும் ஆச்சு. எச்81ல ரெண்டு ஸ்லாட்டுதான், 16தான் எல்லை. புது டிடிஆர்3 ஸ்டிக் காசு குடுத்து வாங்குறது மட்டும் வேணாம்.

மூணாவது வழிதான் ஆசை காட்டுற வழி, பழைய ப்ராசஸரை அப்படியே வச்சுட்டு ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு நடுத்தர கார்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும். "ஐ5 4460க்கு 6600ஆ, பாட்டில்நெக் ஆகும், ப்ராசஸர் கார்டை முழுசா ஓட விடாது"ன்னு உடனே ஒருத்தர் வந்து சொல்லுவாரு. ஆகட்டும். 6600 132 வாட்ஸ், 8 ஜிபி விராம், எட்டு லேன், எச்81 ஸ்லாட்டுல செகண்டுக்கு 4 ஜிபி போகும், விராம் 8 இருக்கறதால வழியறது கம்மி, அதனால அந்த 2.0 ஸ்லாட்டு இங்க பெருசா கடிக்காது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல கதை கேம் ஆடுறவருக்கு இது நல்லாவே வேலை செய்யும், ஏன்னா ப்ராசஸர் 50 எஃப்பிஎஸ்தான் குடுக்கும்னா அந்த 50ஐ லோ செட்டிங்ல குடுத்தாலும் ஹை செட்டிங்ல குடுத்தாலும் ஒண்ணுதான், கார்டு சும்மா இருக்கேன்னு டெக்ஸ்சரையும் ரெசல்யூஷனையும் ஏத்திக்கலாம். ஏத்தக்கூடாதது ரே ட்ரேசிங், கூட்டம் எவ்வளவு காட்டணும், எவ்வளவு தூரம் தெரியணும்ங்கற செட்டிங் எல்லாம், அதெல்லாம் ப்ராசஸர் தலையில விழும். எஃப்பிஎஸ்ஸை 45லயோ 50லயோ லாக் பண்ணிட்டா 40க்கும் 70க்கும் நடுவுல தாவுறதை விட கண்ணுக்கு சுகமா இருக்கும். அப்புறம் நேரம் வரும்போது போர்டு, ப்ராசஸர், ராம் மட்டும் மாத்திட்டு இதே கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்து அதுல போட்டுக்கலாம், ஒரு காசும் வீணாகாது.

இதுல ரெண்டு மூணு கண்ணி இருக்கு. ப்ராசஸர் முட்டும்போது எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ்னு அப்ஸ்கேலிங் ஆன் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, அது கார்டோட சுமையைத்தான் கொறைக்கும், கார்டு ஏற்கனவே சும்மாதானே இருக்கு. ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவுல நடுவுல செயற்கை ஃப்ரேம் சொருகுறது) நம்பரை ஏத்தி காட்டும், ஆனா அடியில 30 ஓடுற கேமை 60ன்னு காட்டினா மவுஸ் அசைச்சா அந்த 30 கையில தெரியும். ரெண்டாவது, பழைய ப்ராசஸரோட டைரக்ட்எக்ஸ் 12 கேம்ல என்விடியா டிரைவர் ப்ராசஸர்கிட்ட வேலை கொஞ்சம் அதிகம் வாங்கும், ஏஎம்டியோட ரேடியான் (ஆர்எக்ஸ் கார்டு எல்லாம்) கம்மியா வாங்கும், அதனால இந்த மாதிரி மெஷினுக்கு சம வேகத்துல ரெண்டு கார்டு இருந்தா நான் ரேடியான் பக்கம்தான். இன்டெல் ஆர்க் கார்டு வேணவே வேணாம், கார்டு நல்ல கார்டுதான், ஆனா அதுக்கு ரீசைஸபிள் பார் (ப்ராசஸர் மொத்த விராமையும் ஒரே தடவைல தொட விடுற வசதி) கட்டாயம் மாதிரி, 4460, 4770 எல்லாம் உக்கார்ற இந்த 4த் ஜென் போர்டுல அது கெடையாது, போட்டீங்கன்னா வேகம் நல்லாவே அடிபடும். மூணாவது, புது கார்டு போட்டதும் பழைய போர்டுல கருப்பு ஸ்க்ரீன் வந்தா பதறாதீங்க, கார்டு செத்துப் போகல, பயாஸ் லெகசி மோடுல (பழைய பூட் முறை) இருக்கும், பயாஸை அப்டேட் பண்ணி யுஇஎஃப்ஐ மோடுக்கு (புது பூட் முறை) மாத்தினா பெரும்பாலும் வந்துடும். ஆனா விண்டோஸ் எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறை டிஸ்க்ல இன்ஸ்டால் ஆகியிருந்தா மோடு மாத்தினதும் பூட் ஆகாது, அதனால எஸ்எஸ்டி போட்டு புதுசா விண்டோஸ் ஏத்தும்போதே யுஇஎஃப்ஐல ஏத்திடுறது புத்திசாலித்தனம்.

நாலாவது வழி, போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் தூக்கிட்டு பழைய கார்டோட கொஞ்ச நாள் ஓட்டுறது. போட்டி ஷூட்டர் ஆடுறவங்க, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருக்கறவங்க இதைத்தான் முதல்ல பண்ணணும், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம் லோ செட்டிங்ல கார்டை பெருசா கேக்காது, ப்ராசஸரை உயிரை எடுக்கும். இதுல எனக்கு பிடிச்சது ரெண்டு, ரைசன் 5 5600, இல்லன்னா ஐ5 12400எஃப் கூட டிடிஆர்4 போர்டு. ரெண்டும் ஆறு கோர் பன்னெண்டு த்ரெட், ரெண்டும் 2022ல வந்தது, கேம்ல ரெண்டுக்கும் தம்மாத்துண்டு வித்தியாசம்தான், எது காம்போவா கம்மியா கெடைக்குதோ அதை எடுங்க. இன்னும் கம்மி வேணும்னா ஐ3 12100எஃப், நாலு கோர் எட்டு த்ரெட்தான், ஆனா ஒவ்வொரு கோரும் 4த் ஜென் கோரை தூக்கி சாப்பிட்டுடும், பின்னாடி அதே போர்டுல பெருசு போட்டுக்கலாம். கடைசில எஃப் போட்ட ப்ராசஸர்ல ஆன்போர்டு கிராபிக்ஸ் இல்லங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.

ரைசன் 5600 உக்கார்றது ஏஎம்4 சாக்கெட், அதுக்கு அடுத்து வந்த ஏஎம்5 ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சாக்கெட் நல்ல சாக்கெட், 2022ல வந்தது, 2027 தாண்டியும் சப்போர்ட்டு தருவோம்னு ஏஎம்டியே சொல்லிருக்கு, ஆனா டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். 2025 கடைசில இருந்து ராம் விலை எப்படி எகிறுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஏஐ டேட்டா சென்டருக்கே சிப் எல்லாம் போகுது. அதனால பட்ஜெட் ஆளுக்கு செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 16 ஜிபி கிட் கெடைக்கிறதைப் பொறுத்து முடிவு பண்றதுதான் இப்போதைக்கு நடைமுறை. அஞ்சாறு வருஷம் திரும்பிப் பாக்க மாட்டேன்னு சொல்றவரு, கையில காசு இருக்குறவரு, ஏஎம்5 போங்க, தப்பில்ல.

இந்த நாலாவது வழிக்கு வேகம் மட்டும் காரணம் இல்ல. விண்டோஸ் 10 சப்போர்ட்டு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, பதிவு பண்ணி வச்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இன்டெல்ல 8த் ஜென்னுக்கு கீழ எடுக்காது, டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி வசதி போர்டுல இருக்கான்னு கேக்கும். குறுக்கு வழில ஏத்தலாம், ஏத்துறாங்க, ஆனா வாலரண்ட் விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0ம் செக்யூர் பூட்டும் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற பயாஸ் செட்டிங்) இல்லாம ஓடாது, பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் கட்டாயம்னு சொல்லிருச்சு. நீங்க ஆடுறது இந்த மாதிரி ஆன்லைன் கேம்னா 4த் ஜென் போர்டுக்கு எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் இந்த சுவத்துல முட்டிக்கத்தான் போறீங்க. தனியா ஆடுற கதை கேம் மட்டும்தான்னா லினக்ஸ் ஏத்திக்கலாம், ஸ்டீம்ல ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) மூலமா நெறைய கேம் சூப்பரா ஓடுது, கெர்னல் ஆன்ட்டி சீட் (சிஸ்டத்துக்கு அடியிலயே உக்காந்து ஏமாத்துறவங்களை பிடிக்கிற சாஃப்ட்வேர்) இருக்குற கேம்தான் பெரும்பாலும் வராது.

உங்க பழைய பிசி இன்டெல் இல்லாம ரைசன் 3 3200ஜி, ஏ320 போர்டுன்னு இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க. நாலு கோர் நாலு த்ரெட்டோட வந்த பட்ஜெட் மெஷின்தான், ஆனா அதே போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணிட்டு 5600 போடலாம், கெடச்சா 5700எக்ஸ்3டி கூட போடலாம். போர்டு இல்ல, ராம் இல்ல, விண்டோஸ் 11 பிரச்சனை இல்ல, ப்ராசஸர் மட்டும் மாத்தினா முடிஞ்சது. போர்டு கம்பெனியோட சப்போர்ட்டு பக்கத்துல உங்க போர்டு மாடல், ரிவிஷன் நம்பரோட சேத்து தேடி எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து 5000 சீரிஸ் எடுக்கும்னு பாருங்க. பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே அப்டேட் பண்ணணும், கழட்டிட்டு பண்ண முடியாது, சில போர்டுல நடுவுல ஒரு வெர்ஷன் ஏத்திட்டுதான் கடைசி வெர்ஷன் ஏத்த விடும், அந்த குறிப்பை படிக்காம நேரா கடைசிக்கு தாவாதீங்க. கரண்ட் போகாத நேரமா பாத்து பண்ணுங்க. 5500ன்னு ஒண்ணு இன்னும் கம்மில இருக்கும், அதுல கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்குற வேகமான மெமரி) 16 எம்பிதான், 5600ல 32, கேமுக்கு அந்த கேஷ்தான் முக்கியம், கொஞ்சம் சேத்து வச்சு 5600ஏ வாங்குங்க.

ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின பிராண்டட் டெஸ்க்டாப்பை, 8த் ஜென் ஐ5 மாதிரி, மொத்தமா வாங்கி கார்டு போடலாமேன்னு ஒரு யோசனை சுத்திட்டு இருக்கு. ஐ5 8500ல ஆறு கோர், விண்டோஸ் 11 எடுக்கும், யோசனை மோசம் இல்ல. ஆனா சின்ன கேபினெட் மாடல்னா அரை உயர கார்டுதான் உள்ள போகும், எஸ்எம்பிஎஸ் கனெக்டர் அந்த கம்பெனிக்குன்னு தனி பின்னு, சாதாரண எஸ்எம்பிஎஸ் சேராது, சேக்கணும்னா ஒரு அடாப்டர், மூடி மூடாது, கேபினெட் மாத்தணும்னா போர்டு ஃபிட் ஆகாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதுலயே நிறுத்திக்கிட்டு அரை உயர 3050 6 ஜிபி போட்டு ஓட்டுறேன்னு சொன்னா நல்லது, அதுக்கு மேல அதை தோண்டாதீங்க. கன்சோல், க்ளவுட் கேமிங் எல்லாம் வேற ரூட்டு, மவுஸ் கீபோர்டு, ஸ்டீம்ல ஏற்கனவே சேத்து வச்ச கேம் எதுவும் வேணாம்னா யோசிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குறவங்களுக்கு. 1060, 1070, 1080 டிஐ எல்லாம் இப்ப சல்லிசா தெரியும், வேகமும் இருக்கு, ஆனா அந்த தலைமுறைக்கும் 750 டிஐ, 900 சீரிஸுக்கும் என்விடியா கேம் டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்திருச்சு, 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். ஏற்கனவே கையில இருந்தா ஓட்டுங்க, இப்ப காசு குடுத்து வாங்காதீங்க. ஆர்எக்ஸ் 580 கிரிப்டோ மைனிங்ல ராத்திரி பகலா ஓடினதுதான் நெறைய வரும், 185 வாட்ஸ் வேற இழுக்கும், அதுலயே 2048எஸ்பின்னு ஒரு ரகம் கோர் கம்மியா இருக்கும், பேரு மட்டும் 580. இன்னும் மோசமா பழைய கார்டுல பயாஸை மாத்தி 1050 டிஐன்னு விக்கறதும் நடக்குது, கார்டு விவரம் காட்டுற ஜிபியு ஸெட் சாஃப்ட்வேரை ஓபன் பண்ணா அந்த மாதிரி நெறைய கார்டை போலின்னு அதுவே காட்டிக் குடுத்துடும். நேர்ல போய் வாங்குறதா இருந்தா கால் மணி நேரமாவது ஃபர்மார்க்ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர்லயோ ஏதாவது கேம்லயோ ஓட்டிப் பாருங்க, ஸ்க்ரீன்ல கலர் புள்ளி, கோடு வருதா, ஃபேன் கரகரங்குதான்னு காதால கேளுங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னு சொன்னா நடையைக் கட்டுங்க.

ஆக வரிசை இப்படி வைக்கலாம். 60 ஹெர்ட்ஸ்ல கதை கேம் ஆடுறவரு: எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், 6600 ரக கார்டு, சல்லிசா கெடச்சா ஐ7, போர்டு அப்புறம். ஆன்லைன் ஷூட்டர் ஆடுறவரு: எஸ்எஸ்டி, 5600 இல்லன்னா 12400எஃப் போர்டோட, கார்டு அப்புறம். எஸ்எம்பிஎஸ்ஸையே தொட முடியாதுன்னு சொல்றவரு: 3050 6 ஜிபி போட்டுட்டு சும்மா இருக்கலாம். ஏஎம்4 காரர் (அந்த 3200ஜி, ஏ320 ஆளு): பயாஸ், 5600, அப்புறம் கார்டு. கழட்டின பழைய போர்டு, ஐ5, ராம் மூணையும் தனித்தனியா விக்காம மாட்டின படியே ஓடுற செட்டா விடுங்க, வாங்குறவருக்கு நம்பிக்கையும் வரும், உங்களுக்கு விலையும் கொஞ்சம் நிக்கும். 750 டிஐயை மட்டும் விக்காதீங்க, எஃப் ப்ராசஸர் வாங்கிருந்தீங்கன்னா என்னிக்காவது பெரிய கார்டு டிஸ்ப்ளே குடுக்காம நிக்கும்போது கார்டு கோளாறா போர்டு கோளாறான்னு பாக்க அது வேணும்.